பெஞ்சில் இடம் இருக்கிறது

(ஆண்டின் பொதுக்காலம் 22ஆம் ஞாயிறு, 2025 ஆகஸ்ட் 31. நற்செய்தி: லூக்கா 14:1, 7-14)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் ஒரு விருந்துக்குப் போகிறார். ஓய்வு நாள். பரிசேயர் தலைவர் ஒருவருடைய வீடு. வந்திருந்தவர்கள் எல்லாரும் இயேசுவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்கிறார் லூக்கா. இயேசு எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு என்ன சமையல், எத்தனை வகை என்று நற்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. பேச்செல்லாம் இடத்தைப் பற்றித்தான். முதலில் விருந்தாளிகளிடம், முதல் இடத்துக்கு முந்தாதீர்கள் என்கிறார். பிறகு விருந்து வைத்தவரிடமே திரும்பி, நண்பர்களையும் சொந்தக்காரர்களையும் வசதியான அக்கம்பக்கத்தாரையும் கூப்பிடாதே, உனக்குத் திருப்பிச் செய்ய முடியாதவர்களைக் கூப்பிடு என்கிறார். ஏழைகள், உடல் நலிந்தவர்கள், நடக்க முடியாதவர்கள், பார்வையில்லாதவர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார். சாப்பிட வந்த வீட்டில் வீட்டுக்காரரிடமே இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

இந்த நற்செய்தியை இன்று நம் தெருமுனைக் காபிக் கடையை வைத்து உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். பலிபீடத்துக்குப் பக்கத்தில் நின்று கடையைப் பற்றிப் பேசலாமா என்று யாரும் தயங்க வேண்டாம். ஆண்டவர் விண்ணரசைப் பற்றிச் சொன்னபோது மாவு பிசைகிற பெண்ணையும் முத்து வாங்குகிற வணிகரையும் கூலிக்கு ஆள் தேடிச் சந்தைவெளிக்குப் போன தோட்டக்காரரையும்தான் துணைக்கு அழைத்தார்.

உங்கள் எல்லாருக்கும் தெரிந்த கடைதான். வாசலில் இரண்டு பெஞ்சு, உள்ளே நான்கு மேசை. கல்லாப்பெட்டிக்கு மேலே முருகன் படம், வேளாங்கண்ணி மாதா படம், நாகூர் தர்கா படம் மூன்றும் வரிசையாக. அண்ணன் அடுப்படியில் நிற்கிறார், அக்கா கல்லாவில் இருக்கிறார். விடிவதற்கு முன்பே பித்தளை ஃபில்டரில் தூளைப் போட்டு அழுத்தி, கொதிநீர் ஊற்றி மூடிவிடுகிறார்கள். நம் கோயில் மணி அடிக்கும்போது முதல் டிகாக்ஷன் இறங்கியிருக்கும். பால் இதே ஊர் மாட்டுக்காரர்களிடம் வாங்குவது. டபராவும் டம்ளரும் கைமாறிக் கைமாறி நுரை பொங்க ஆற்றி நம் முன் வைக்கும் அந்தக் காபியின் ருசியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. நற்கருணை நோன்பிருந்து பூசைக்கு வந்திருக்கிறவர்களைச் சோதிக்க வேண்டாம்.

அந்தக் கடையில் நான் விரும்புவது அங்கே இடம் கொடுக்கிற விதம்.

போன மாதம் ஒரு நாள் மதியம். அரசு மருத்துவமனையில் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு ஓர் இளம் தாய் வந்தார். இடுப்பில் காய்ச்சலோடு குழந்தை, கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. அவர் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. அவர் வாய் திறக்கும் முன்பே அக்கா எழுந்து, ‘உள்ளே வாம்மா, ஃபேனுக்குக் கீழே உட்காரு’ என்றார். பால்புட்டியை வாங்கி வெந்நீரில் அலசிக் கொடுத்தார். பெரிய குழந்தைக்கு அரை டம்ளர் பாலை நன்றாக ஆற்றிக் கொடுத்தார். அந்தத் தாய் ஒரே ஒரு காபி குடித்தார். பஸ் வரும்வரை அங்கேயே இருந்தார். கூட்ட நேரம்தான், மேசை வேண்டும் என்று யாரும் அவரை எழுப்பவில்லை. உள்ளே மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்ட நாற்காலி ஒன்று இருக்கிறதே, அது எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய்மாருக்காகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன்மேல் எதுவும் எழுதி ஒட்டவில்லை. உட்காரத் தேவைப்படுகிறவர்களுக்கு அக்காவே காட்டிவிடுகிறார்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். இங்கே இருக்கிற பாட்டிமாரைக் கேளுங்கள். அவர்கள் வயதில் டீக்கடை பெஞ்சும் காபிக் கடை பெஞ்சும் ஆண்களுக்கானவை. செய்தித்தாளும் அரசியலும் பீடிப் புகையும் அங்கேதான். வயலில் ஆண்களுக்குச் சமமாக நாற்று நட்டுவிட்டு வருகிற பெண்களுக்குக் காபி வேண்டுமென்றால், பையன் கையில் தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பிவிட்டு ஓரமாக நிற்பார்கள். பெரிய ஓட்டல்களில் ‘குடும்ப அறை’ என்று திரை தொங்கவிட்ட மூலை ஒன்று இருக்கும். கணவரோடு வந்தால் அங்கே உட்காரலாம். ஒரு பெண் தன் பிள்ளைகளோடு தனியாக வந்து, நடுமேசையில் உட்கார்ந்து, தன் காசில் ஒரு காபி குடித்து இளைப்பாற இடமே கிடையாது. இன்று நம் மாதர் சங்கத்தினர் திருப்பலி முடிந்து அங்கே கூடிப் பேசுகிறார்கள். மறைக்கல்வி முடிந்து பிள்ளைகள் பன்னும் பாலும் வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்கள் பாலைக் கொட்டினால் அண்ணன் துணியை எடுத்துத் துடைக்கிறார்; ஒரு கடுஞ்சொல் வந்து நான் கேட்டதில்லை. பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடாமல் அதட்டிய சீடர்கள்மேல் இயேசு கோபப்பட்டார் என்று மாற்கு எழுதுகிறார். பிள்ளைகளின் சத்தத்துக்கு முகம் சுளிக்காத இடம் எதுவானாலும் ஆண்டவரின் மனம் அங்கே நிறையும்.

கோயிலுக்கும் காபிக்கும் நம் பெரியவர்கள் வாழ்வில் பழைய உறவு ஒன்று உண்டு. நற்கருணை வாங்குகிறவர்கள் ஒரு காலத்தில் நள்ளிரவு முதல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1953இலும் 1957இலும் அந்த ஒழுங்கைத் தளர்த்தினார். திட உணவுக்கு மூன்று மணி நேரம் என்று ஆனது. 1964இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதை ஒரு மணி நேரமாக்கினார். அதற்கு முன்பெல்லாம் விடியற்காலைப் பூசைக்கு வெறும் வயிற்றோடு நடந்து வருவார்கள். பூசை முடிந்து வெளியே வந்ததும் முதலில் நாவில் படுவது கோயிலுக்கு எதிரே இருக்கும் கடையின் சூடான காபிதான். ஆண்டவரின் உடலை வாங்கிய கையோடு அடுத்தவருடன் உட்கார்ந்து காபி குடித்த அந்தத் தலைமுறைக்கு, பூசையும் பெஞ்சும் ஒரே காலையின் இரண்டு பகுதிகள். இன்று பூசை முடிந்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறக்கிறோம். பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை.

சகோதர சகோதரிகளே, காபிக் கடைகள் எல்லாக் காலத்திலும் இப்படி எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. இதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் மண்ணில் பழைய சோறும் நீராகாரமும் இருந்த இடத்துக்குக் காபி வந்து சேர்ந்த கதையை வரலாற்று ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூலில் எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊருக்கு ஊர் ‘காபி கிளப்’ தோன்றியது. அங்கே சாதி பார்த்து இடம் பிரித்தார்கள். தலித் மக்களை வாசற்படி ஏறவே விடவில்லை. பெரியாரும் அவருடைய தோழர்களும் கடைப்பலகையில் இருந்த சாதிப் பெயரை எதிர்த்துத் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசமைப்புச் சட்டம், அடிப்படை உரிமைகளைச் சொல்கிற பகுதியிலேயே, 15ஆம் பிரிவில் கடைகளையும் உணவகங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் குடிமகளையும் அங்கே தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு நாட்டின் அரசமைப்புச் சட்டத்தில் காபிக் கடை பெஞ்சுக்கும் இடம் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அந்த பெஞ்சில் எவ்வளவு கண்ணீர் சிந்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சட்டம் வந்த பிறகும் இரட்டைக் குவளை முறை சாகவில்லை. ஒரு சாராருக்குக் கண்ணாடி டம்ளர், இன்னொரு சாராருக்குக் கூரையில் செருகி வைத்த தனிக் குவளை. குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும். அந்தக் கொடுமையை அனுபவித்தவர்கள் இந்தப் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் நான் அதை விவரிக்கத் தேவையில்லை.

கடைக்காரர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தை 19ஆம் நூற்றாண்டில் கட்டியபோது, இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காணும்படி, பலிபீடத்தில் மட்டும் சந்திக்கிற இரண்டு தனித்தனிக் கூடங்களாகக் கட்டினார்கள். ஒரே அப்பம், ஒரே கிண்ணம், நடுவில் சுவர்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்பை அகற்றியபோது, தனி இடம் எங்கள் உரிமை என்று ஒரு தரப்பார் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போயும் அவர்கள் வாதம் நிற்கவில்லை. ஆனாலும் இன்றும் தமிழகத்தில் சில பங்குகளின் கல்லறைத் தோட்டத்தில் சுவர் நிற்கிறது. இறந்த பிறகும் முதல் இடமா? கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடியபோது வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், ஏழைகள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஆண்டவரின் விருந்தே இல்லை என்று புனித பவுல் அவர்கள் முகத்துக்கு நேரே எழுதினார். தங்க மோதிரம் போட்டவருக்கு நாற்காலியும் கந்தல் கட்டியவருக்குத் தரையும் காட்டுகிறவர்களை யாக்கோபின் திருமுகம் கண்டிக்கிறது. இந்த இரண்டு பகுதிகளையும் இந்த வாரம் வீட்டில் உரக்க வாசியுங்கள்: 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரம், யாக்கோபு 2ஆம் அதிகாரம்.

நம் கடையில் இன்று துப்புரவுப் பணியாளர் அம்மாவும் வங்கி மேலாளரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். இருவருக்கும் ஒரே டபரா, ஒரே டம்ளர், ஒரே ‘வாங்க’. இதை நான் அதிசயம் என்றே சொல்வேன். இதற்குப் பின்னால் நூறு ஆண்டுப் போராட்டம் இருக்கிறது.

இப்போது ஒருவர் மனதில் கேள்வி எழலாம். ‘ஃபாதர், கடைக்காரர் காசு வாங்கிக்கொண்டுதானே காபி தருகிறார்? ஆண்டவர் திருப்பிச் செய்ய முடியாதவர்களுக்கு விருந்து வைக்கச் சொன்னார். வியாபாரம் எப்படி விருந்தாகும்?’ நியாயமான கேள்வி. அண்ணனும் அக்காவும் தர்மம் செய்யக் கடை வைக்கவில்லை. அவர்களுக்கும் வாடகை இருக்கிறது, கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். காபிக்கு விலை உண்டு, அதை வாங்கத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்த நேரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்? வெந்நீருக்கு யார் கொடுத்தார்கள்? மனைவியை இழந்த ஒரு பெரியவர் காலையில் வந்து ஒரு காபியை வைத்துக்கொண்டு, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து, போகிறவர் வருகிறவரிடம் பேசி, வீட்டின் வெறுமைக்குத் திரும்பத் தைரியம் வந்த பிறகு எழுந்து போகிறார். அந்தக் காலைப்பொழுதுக்கு என்ன விலை? பில்லில் வராத அந்தப் பங்குதான் விருந்து. திருப்பிச் செய்ய முடியாதவர்களுக்குக் கொடுப்பது அதுதான். உயிர்த்தெழும்போது கைம்மாறு கிடைக்கும் என்று ஆண்டவர் வாக்களித்தது அதற்குத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேளாங்கண்ணியில் நேற்று முன்தினம் கொடியேறியிருக்கிறது. இன்னும் எட்டு நாளில் அன்னையின் பிறப்புப் பெருவிழா. நம் சாலையில் காவி உடுத்திய யாத்திரிகர்கள் இரவும் பகலும் நடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திருத்தலத்தின் மரபை நாம் எல்லாரும் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். இன்றைய நற்செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதை மறுபடி கேளுங்கள். நாகப்பட்டினத்தில் இருந்த எசமானுக்குப் பால் கொண்டு போன இந்துச் சிறுவன் ஒருவன், குளக்கரை ஆலமரத்தடியில் களைப்பாறினான். கையில் குழந்தையோடு ஒரு தாய் வந்து, பிள்ளைக்குக் கொஞ்சம் பால் கேட்டார். பால் அவனுடையதில்லை. குறைந்தால் அடி விழும். ஆனாலும் ஊற்றிக் கொடுத்தான். பிறகு எசமான் வீட்டில் பானை நிரம்பி வழிந்தது. சில காலம் கழித்து, நடுத்திட்டில் மர நிழலில் மோர் விற்றான் இன்னொரு சிறுவன். விதவைத் தாயின் மகன்; நடக்க முடியாதவன். அவனிடமும் ஒரு தாய் குழந்தையோடு வந்து மோர் கேட்டார். கொடுத்தான். நாகப்பட்டினத்துக்குப் போய் அங்குள்ள செல்வந்தர் ஒருவரிடம், எனக்கு ஓர் ஆலயம் எழுப்பச் சொல் என்றார் அந்தத் தாய். அப்போதுதான் அவனுக்குத் தன் கால்கள் குணமானது தெரிந்தது. எழுந்து ஓடினான்.

கவனியுங்கள். விருந்துக்கு நடக்க முடியாதவர்களை அழையுங்கள் என்கிறது நற்செய்தி. வேளாங்கண்ணியில் அன்னை அதற்கும் மேலே போனார். நடக்க முடியாத அந்தப் பிள்ளையையே விருந்து வைக்கிறவனாக்கினார். மாடமாளிகைக்குப் போய்க் கதவைத் தட்டவில்லை. மரத்தடி மோர்க் கடைக்கு, ஓர் ஏழையின் சின்னஞ்சிறு கடைக்கு, குழந்தையை எடுத்துக்கொண்டு போனார். செல்வந்தருக்குச் செய்தி மட்டும் போனது. 1962இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் பேராலயமாக உயர்த்திய அந்தப் பெருங்கோயில், இலட்சக்கணக்கான மக்கள் கூடுகிற அந்தத் திருத்தலம், இரண்டு சிறுவர்கள் கைக்குழந்தையோடு வந்த தாய்க்கு மறுக்காமல் ஊற்றிக் கொடுத்த பாலிலும் மோரிலும்தான் தொடங்குகிறது. அதனால்தான் கல்லாவுக்கு மேலே இருக்கும் மாதா படத்தைப் பார்க்கும்போதெல்லாம், அது சரியான இடத்தில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கையில் குழந்தையோடு வருகிற ஒவ்வொரு தாயிடமும் ‘உட்காரு’ என்று சொல்கிற கடை அது.

ஒரு கடையை நேசிப்பது என்றால் அங்கே போய்க் காபி குடிப்பதோடு முடிந்துவிடாது. சில காரியங்களை வெளிப்படையாகவே சொல்கிறேன்.

போன வருடம் காபித் தூள் விலை எகிறியது. வியட்நாமிலும் பிரேசிலிலும் வறட்சி. உலகச் சந்தையில் காபிக்கொட்டை விலை அதுவரை இல்லாத உயரத்துக்குப் போனது. தூரத்து நாட்டில் மழை பெய்யாததற்கு நம் தெருமுனை அண்ணன் கணக்குப் பார்த்துத் தலையில் கை வைத்தார். கடைசியில் டம்ளருக்கு இரண்டு ரூபாய் கூட்டினார். அதற்கு இந்தப் பங்கில் எழுந்த முணுமுணுப்பு என் காதுக்கும் வந்தது. மாற்று வழி அவருக்குத் தெரியாமல் இல்லை. வடிந்த தூளிலேயே மறுபடி வெந்நீர் ஊற்றினால் இரண்டாவது டிகாக்ஷன் இறங்கும். நிறம் இருக்கும், சாரம் இருக்காது. அதைக் கலந்து கொடுக்கலாம். சிக்கரியைக் கூட்டிக்கொண்டே போகலாம். கலவைத் தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. டம்ளரைப் பிடித்து யார் அளக்கப் போகிறார்கள்? அவர் அதைச் செய்யவில்லை. அளவிலும் எடையிலும் நேர்மை வேண்டும் என்று லேவியர் நூலில் ஆண்டவர் கட்டளையிட்டதை, அந்த நூலை வாசிக்காத ஒருவர் கடைப்பிடிக்கிறார். அந்த நேர்மைக்கு இரண்டு ரூபாய் கொடுக்க நமக்கு மனம் வர வேண்டும்.

அதேபோல் அங்கே டம்ளர் கழுவுவது ஒரு பெரியவர். சின்னப் பையன் யாரும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றதில்லை. டீக்கடைகளிலும் உணவகங்களிலும் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பது 2006ஆம் ஆண்டு அக்டோபர் மாதமே தடை செய்யப்பட்டது. ஆனாலும் சாலையோரம் அப்படிப்பட்ட கடைகளை இன்றும் பார்க்கிறோம்; காரை நிறுத்தி, அந்தப் பிஞ்சுக் கை நீட்டும் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டும் போகிறோம். நம் பிள்ளைகள் உட்காரக் கூடிய கடையா என்று பார்க்கிற நாம், அந்தக் கடையில் இன்னொருவருடைய பிள்ளை நின்றுகொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கடன் நோட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அக்காவிடம் நீளமான நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் உண்மையிலேயே முடியாதவர்களின் பெயரும் இருக்கிறது. அவர்களிடம் அக்கா கேட்பதில்லை, கேட்கவும் மாட்டார். ஆனால் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களின் பெயரும் அதில் இருக்கிறது. பெரிய கடையில் கார்டைத் தேய்த்துவிட்டு, சின்னக் கடையில் ‘எழுதிக்கோங்க அக்கா’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நம்மில் உண்டு. கூலிக்காரரின் கூலியைச் சூரியன் மறைவதற்குள் கொடுத்துவிடு என்கிறது இணைச்சட்ட நூல். ஒரு சின்னக் கடைக்காரரின் பாக்கிக்கும் அது பொருந்தும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ மடலில், சிறிய அளவில் உழைத்து உற்பத்தி செய்கிறவர்களைப் பெரும் சந்தைகள் நசுக்கிவிடாமல் காப்பது பொதுநலக் கடமை என்று எடுத்துரைத்தார். அதில் நம் பங்கு, பாக்கியை நேரத்துக்குக் கொடுப்பதிலிருந்தே தொடங்கலாம்.

முதல் வாசகத்தில் சீராக் ஞானி, செய்வதைப் பணிவோடு செய், கொடுப்பவனைவிட அதிகமாக நேசிக்கப்படுவாய் என்ற பொருளில் பேசுகிறார். பணிவு பேச்சில் தெரியாது, எங்கே உட்காருகிறோம் என்பதில் தெரிந்துவிடும். வரும் நாட்களில் யாத்திரிகர்கள் நம் தெருவழியே வருவார்கள். கால் கொப்புளித்திருக்கும். கைக்குழந்தையைத் தோளில் தூக்கிய தாய்மாரும் தேர்வண்டி இழுக்கும் இளைஞர்களும் இருப்பார்கள். அண்ணனும் அக்காவும் போன வருடம் போலவே இரவு முழுவதும் கடையைத் திறந்து வைத்திருப்பார்கள். அவர்கள் இந்துக்கள், நம் அன்னையின் விருந்தாளிகளுக்காகத் தூக்கத்தை விடுகிறார்கள். அவர்களைத் தனியாக விட்டுவிடலாமா?

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நோட்டில் பெயர் இருக்கிறவர்கள், கொடுக்க முடிந்தவர்கள், இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். வியாழன், வெள்ளி, சனி மூன்று இரவுகளும் கடை வாசலில் நம் பெஞ்சுகளைக் கொண்டு போய்ப் போடுவோம். கோயில் மண்டபத்து பெஞ்சுகளை எடுத்துக்கொள்ளுங்கள், நான் சொல்லிவிட்டேன். வின்சென்ட் தே பவுல் சபையினர் பால் கேன் தூக்க வாருங்கள். மரியாயின் சேனை சகோதரிகள் குழந்தைகளோடு வரும் தாய்மாரைக் கவனித்துக்கொள்ளுங்கள். இளைஞர்கள் டம்ளர் கழுவ வாருங்கள். எந்தத் தெரு இளைஞர் என்று யாரும் பார்க்காமல் எல்லாரும் ஒரே தொட்டியில் கழுவுங்கள். பங்குப் பேரவைப் பெரியவர்கள் உட்காருவதற்கு வராதீர்கள், ஊற்றிக் கொடுக்க வாருங்கள். நானும் வருகிறேன். வியாழன் இரவு பத்து மணிக்குக் கடை வாசலில் சந்திப்போம்.

ஆமென்.